தாலாட்டுப் பட்டியலில் ‘மூணாவது ஷிப்டு’

“நீ மனுசனாடா? செத்தவங்க பேரைப் பாடுன பாட்டப் போட்டு கொழந்தையத் தூங்க வெக்கிறியே, வெக்கமா இல்ல?” என்று மெல்வின் சேவியர் கேட்டார்.

விழாக்குழுச் செயலாளர் பரணீதரன் முகம் மலர்ந்து கை கூப்பினான். “ரொம்ப நன்றி சார். உங்க வாயால இதக் கேக்க நாங்க குடுத்து வெச்சிருக்கணும்.”

மெல்வின் கையிலிருந்த விழா மலரைச் சுருட்டி அவன் நெஞ்சில் ஒரு தட்டுத் தட்டினார். அதையும் அவன் ஆசீர்வாதமாகத்தான் எடுத்துக்கொண்டான்.

குற்றம் அவனுடையது மட்டுமல்ல. அவன் காதுக்குப் பின்னால் அரிசி மணி அளவில் ஒட்டியிருந்த இன்செவியுடையது. நகரத்து இரைச்சலில் ஜனங்கள் பைத்தியம் பிடித்துத் திரிந்த காலத்தில் மருந்தாக வந்த கருவி அது. முதல் படி ஒலியின் அளவைக் கட்டுப்படுத்தியது. இரண்டாம் படி ஹாரனையும் கட்டட வேலைச் சத்தத்தையும் அழித்தது. மூன்றாம் படி பேச்சுக்குள் புகுந்தது. யாருக்கு எது உறுத்தும் என்பதை அவரவர் நாடித்துடிப்பிலிருந்து கற்றுக்கொண்டு, உறுத்தும் சொல்லை எடுத்துவிட்டு, அதே குரலில் இதமான வேறொன்றை வைத்தது; அலறும் பாட்டையும் மென்மையாக்கிக் கொடுத்தது. எட்டு வருடங்களுக்கு முன் வந்த புதுப்பிப்பில் மூன்றாம் படி கைக்குழந்தை முதல் எல்லாருக்கும் தானாகவே அமைந்தது. விவாகரத்து வழக்குகள் பாதியாகக் குறைந்தன. பேருந்து நடத்துநர்களுக்கு இரத்த அழுத்தம் இறங்கியது. எதிராளிக்கு உறைக்காது என்று தெரிந்துபோனதால் ஜனங்கள் முன்னைவிடத் தாராளமாகத் திட்டிக்கொண்டார்கள்.

மெல்வினுக்கும் இன்செவி உண்டு. நாற்பது வருடம் ஆம்ப் ஒலிபெருக்கி முன்னால் நின்று பாடியதில் இரண்டு காதும் செத்துப்போயிருந்தன. கருவியைக் கழற்றினால் இடி விழுந்தாலும் தெரியாது. ஆனால் தனக்கு முதல் படி மட்டும்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார். புதுப்பிப்பு வந்த வாரமே சேவை மையத்துக்குப் போய் மேசையைத் தட்டி, “எனக்கு ஒண்ணாம் படியே போதும், மாத்து” என்று கேட்டவர் அவர். அங்கிருந்த பெண், “அப்படியே மாத்திட்டேன் சார்” என்றாள். அதற்கப்புறம் ஊரே அவரிடம் மரியாதையாகப் பேசியது. எழுபது வயதுக்குக் கிடைக்கிற மரியாதை என்று அவர் நினைத்தார்.

இன்றைக்கு அவருக்கு ‘வாழ்நாள் இசைச் செம்மல்’ விருது. கொதிகலன் இசைக்குழுவின் ஐம்பது வருடத்தைப் பாராட்டி, ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, இரண்டாயிரம் பேர் அமரும் அரங்கில். விழா மலரின் இரண்டாம் பக்கத்தில்தான் அவர் அந்த வரியைப் படித்தார்: ‘மூணாவது ஷிப்டு: நாட்டின் தாலாட்டுப் பட்டியலில் தொடர்ந்து ஏழாம் ஆண்டாக முதலிடம்.’ விருதை வழங்குபவர், வைகறை உரங்கள் நிறுவனத்தின் தலைவர் ரகோத்தமன்.

எண்ணூர்ப் பக்கம் வைகறையின் அம்மோனியாக் குழாய் வெடித்தது முப்பத்தேழு வருடங்களுக்கு முன்னால். அன்று மூன்றாவது ஷிப்டில் பதினோரு பேர் செத்தார்கள். அந்த வாரமே மெல்வின் பாட்டை எழுதினார். பல்லவி கிடையாது, சரணம் கிடையாது. பதினோரு பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் ஓர் அலறல், கிட்டார் ஆம்பின் முகத்தில் போய் நின்று ஊளையிடும். அந்தப் பாட்டுக்காக மூன்று முறை கைதாகியிருக்கிறார்.

மேடையில் திலகவதி பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள். கொதிகலனில் உயிரோடு மிச்சமிருக்கும் இன்னொருத்தி. வேலையில் இருந்தவரை ரயில்பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டர். இன்செவியை ஒருநாளும் ஒட்டிக்கொண்டதில்லை. அவள் தம்பி தணிகாசலமும் அந்த ஷிப்டில்தான் இருந்தான். அன்று உயிரோடு வெளியே வந்தவன்.

“படிச்சியா? தாலாட்டாம்,” என்றார் மெல்வின்.

“படிச்சேன். ஏன், உனக்குத் தூக்கம் வரலியா?”

“அந்த ரகோத்தமன் முன் வரிசைல குந்தி, சிரிச்சுக்கினே கேப்பான். பதினோரு பேர்ல ஒருத்தன் பேரு கூட அவன் காதுல ஏறாது.” அவர் காலால் பழைய பேஸ் பெட்டியை உதைத்தார். பதினெட்டு அங்குல ஸ்பீக்கர்கள், மொத்தம் நான்கு பெட்டி. “காதத்தான மூடி வெச்சிருக்கானுங்க. வயித்த மூடலயே.”

திலகா அரங்கத்தின் பலகைத் தரையைப் பார்த்தாள். “அப்ப கவுத்துப் போடு.”

இரண்டு பேருமாகப் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போய் முன் வரிசைக்கு எதிரே தரையைப் பார்த்துக் கவிழ்த்தார்கள். மூச்சு வாங்கியது. திலகா அதில் ஒன்றின் மேலேயே உட்கார்ந்தாள். அங்கிருந்தபடியே சொன்னாள்:

“பதினோரு பேரும் அப்படியே இருக்கட்டும் மெல்வினு. பாட்டுல கை வெக்காத.”

“அதான் திலகா நானும் சொல்றேன். ஒரு எழுத்து மாத்த மாட்டேன்.”

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எழுந்து போய், ஏற்கெனவே சுருதி சேர்ந்திருந்த தந்தியை மறுபடி முறுக்கினாள். ஒவ்வொரு கச்சேரிக்கு முன்னாலும் அவள் இப்படித்தான் வந்து பாட்டைப் புகழ்வாள், பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். பழைய நினைப்பு வந்துவிடுகிறது என்று அவர் விட்டுவிடுவார்.

பதினோரு மணிக்குப் பூமாலை, பொன்னாடை, வெண்கலத்தில் ஒரு கிட்டார். ரகோத்தமன் அவருடைய இசையை இளநீருக்கு ஒப்பிட்டுப் பேசினார். மெல்வின் ஒலிவாங்கியைப் பிடுங்கினார்.

“உங்க யார் காதுலயும் நான் சொல்றது விழாது. நான் ஒருத்தன்தான் இந்த ஊர்ல உள்ளத உள்ளபடி கேக்குறவன். அதனால காதுக்குப் பாடப் போறதில்ல.”

இரண்டாயிரம் பேர் கைதட்டினார்கள்.

திலகா கீழ்த் தந்தியை அடித்தாள். தரை உறுமியது. மெல்வின் முதல் பெயரை அலறினார்: எத்திராஜ். புன்னகைகள் அப்படியே இருந்தன, ஆனால் முழங்கால்கள் நடுங்கின. சகாயம். ஒரு பெண் தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னவென்று தெரியாமல் அக்கம்பக்கம் பார்த்தாள். காது இதம் இதம் என்கிறது, எலும்பு ஓடு ஓடு என்கிறது. ஆறாவது பெயரில் கண்ணீர் வழிய ஆரம்பித்தது, சிரிப்பு மாறாமலே. ஒன்பதாவது பெயரில் ரகோத்தமன் நெஞ்சில் கை வைத்து முன்னால் குனிந்தார். அந்த முகத்தில் பயத்தைப் பார்த்தபோது மெல்வினுக்கு முப்பத்தேழு வருடத்துக் கோபம் முதல்முறையாகப் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது போலிருந்தது.

பதினோராவது பெயர் முடிந்ததும் பரணீதரன் மேடைக்கு ஓடி வந்தான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. முகம் கறுத்திருந்தது.

“அற்புதம் சார். இன்னொரு வாட்டி பாடுங்க,” என்றான்.

“நன்றி தம்பி,” என்று மெல்வின் கை கூப்பினார்.

பரணீதரன் தரைப் பெட்டிகளின் ஒயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு ரகோத்தமனிடம் ஓடினான். மெல்வின் வெற்றியோடு திலகா பக்கம் திரும்பினார். அவள் பேஸைக் கழற்றிக் கீழே வைத்திருந்தாள். அவரை முதன்முதலாகப் பார்ப்பவள் போல வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பாட்டு வரிசை எழுதிய தாளைத் திருப்பி, மார்க்கரால் எழுதி நீட்டினாள்.

‘அவன் உன்னைக் கெழட்டு நாயேன்னான். நிறுத்துடான்னான். நீ நன்றின்ற.’

மெல்வினின் கை தானாகக் காதுக்குப் பின்னால் போயிற்று. சேவை மையத்துப் பெண்ணின் முகம் நினைவுக்கு வந்தது. அவள் முடியாது என்பதுபோலத் தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டேதான் ‘மாத்திட்டேன் சார்’ என்றாள்.

திலகா மறுபடி எழுதினாள். ‘காலைல நான் இன்னா சொன்னேன்?’

“பாட்டுல கை வெக்காதன்னு.”

அவள் மார்க்கரை அழுத்தியதில் தாள் கிழிந்தது. ‘தணிகா பேரைச் சேருன்னேன். பதினாலு மாசம் ஆஸ்பத்திரில கெடந்து செத்தான். முன்ன கேக்க வாய் வரல. இந்த எட்டு வருசமா ஒவ்வொரு வாட்டியும் கேக்குறேன். மாத்த மாட்டேன்ற. கம்பெனியும் பதினொண்ணுதான் எண்ணுச்சு. நீயும் பதினொண்ணுதான் எண்ணுற.’

அவர் இரண்டு முறை படித்தார். அவருக்கு எது உறுத்தும் என்று கருவி சரியாகவே கற்றிருந்தது. கொதிகலனின் மெல்வின் சேவியரிடம், உன் பாட்டில் பிழை இருக்கிறது என்று யாரும் சொல்லக் கூடாது. அவ்வளவுதான்.

அவர் இன்செவியை நகத்தால் நெம்பி எடுத்து, ஷூவுக்கடியில் போட்டு மிதித்தார். உலகம் அணைந்தது. கிட்டாரை ஓங்கி அடித்தார். விரலில் மட்டும் தெரிந்தது. எத்திராஜிலிருந்து மறுபடி ஆரம்பித்தார், சுருதி எங்கே போகிறது என்றே தெரியாமல், விரலை மடக்கி எண்ணிக்கொண்டே. பதினொன்று ஆனதும் திலகாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு பன்னிரண்டாவதை அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

தரை இப்போது அசையவில்லை. ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்கள். ரகோத்தமன் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடையில் தாளம் போட்டார். மூன்றாவது வரிசையில் ஒரு கைக்குழந்தை அம்மாவின் தோளில் தூங்கிப்போயிற்று.

தணிகாசலம் என்ற பெயரை அந்த அரங்கில் ஒருத்தி மட்டும் கேட்டாள். பாடியவருக்குக்கூட அது கேட்கவில்லை.