ஏழு பேர் வண்டி

வாடகைக் கார்கள் நிற்கும் இடத்தில் எல்லா வண்டிகளும் மழையில் வெளியேதான் நனைந்திருந்தன. அந்த ஒரு வண்டி மட்டும் உள்ளேயும் ஈரமாக இருந்தது. ஆட்கள் கதவை மூடிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்து மூச்சு விட்டது போலப் பின்கண்ணாடிகளின் உள்பக்கம் ஆவி படிந்து வெளுத்துக் கிடந்தது. டார்லா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை.

அவள் கேட்டிருந்தது இருப்பதிலேயே சின்ன வண்டி. அது தீர்ந்துவிட்டது, இதை எடுத்துக்கொள்ளுங்கள், அதே விலைதான் என்று கவுன்ட்டரில் இருந்த ப்ரெண்ட் சாவியைத் தள்ளினான். ஏழு பேர் உட்காரலாம், கதவு தானாகத் திறக்கும், சீட்டுக்குச் சூடு உண்டு என்று வண்டியின் பெருமையை அடுக்கினானே தவிர, அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருத்திக்கு எதற்கு இவ்வளவு பெரிசு என்று கேட்டாள்.

"குடும்பமா வர்றவங்க இத எடுத்துட்டுப் போய் அன்னிக்கே கொண்டாந்து விட்டுர்றாங்க மேடம். தனியா வர்றவங்களுக்குக் குடுன்னு மேனேஜர் சொல்லிருக்காரு."

வேறொரு நாளாக இருந்தால் சோழியன் குடுமி சும்மா ஆடுமா என்று யோசித்திருப்பாள். அன்றைக்கு டகோமாவில் மணி இரண்டே முக்கால் ஆகியிருந்தது. ஐந்துக்குள் சியாட்டிலைத் தாண்டி எவரெட்டில் இருக்க வேண்டும். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்க அவளுக்கு நேரமில்லை.

எவரெட்டில், குழந்தைகள் நல அலுவலகத்தின் வாசலில், ஆறு வயது ஜூனி முதுகில் பையோடு காத்திருப்பாள். டார்லாவின் ஒரே மகள். டார்லா போதை மாத்திரைக்கு அடிமையாகக் கிடந்த காலத்தில், சுவருக்குள் ஆட்கள் இருக்கிறார்கள் என்று கத்திக்கொண்டு சுத்தியலால் வீட்டுச் சுவரை உடைத்தாள். அன்றைக்குத்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பதினெட்டு மாதமாக அவள் ஒன்றையும் தொடவில்லை. வாரம் இரண்டு தடவை பரிசோதனைக்குச் சிறுநீர் கொடுத்தாள், கூப்பிட்ட வகுப்புக்கெல்லாம் போனாள், யார் யாரோ சொன்னதற்கெல்லாம் தலையாட்டினாள். கடைசியில் இந்தச் சனி ஞாயிறு மட்டும் பிள்ளையை வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று நீதிபதி சொல்லியிருந்தார். ஏற்கெனவே இரண்டு சந்திப்புகள் அவளுடைய ஓட்டை வண்டியால் தவறிப்போயின. மூன்றாவதும் தவறினால், ஜூனியை இப்போது வளர்க்கிறவர்களே அவளைத் தத்தெடுத்துக்கொள்வார்கள். அலுவலகத்தில் எழுதியே கொடுத்துவிட்டார்கள்.

நெடுஞ்சாலையில் ஏறிச் சூடுகாற்றைப் போட்டதும் அந்த வாசனை கிளம்பியது. புது வண்டியின் பிளாஸ்டிக் நாற்றத்துக்கு அடியில், மழையில் நனைந்து துவட்டாமல் விட்ட தலையின் வாசனை, காய்ந்த பாலின் புளிப்பு, ஈரக் கம்பளியின் கனத்த வாடை எல்லாம் சேர்ந்து, பள்ளிக்கூடப் பேருந்துக்குள் ஏறின மாதிரி அவள் மூக்கை நிறைத்தது. ஜன்னலை இறக்கினாள். மழைதான் உள்ளே வந்தது, வாசனை போகவில்லை. யாரோ பிள்ளைகளோடு போய்த் திருப்பிக் கொடுத்த வண்டி, சரியாகத் துடைக்கவில்லை, அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டாள்.

கொஞ்ச தூரத்தில் மணி அடிக்க ஆரம்பித்தது. பெல்ட் போடாதவர்களுக்கு வண்டி அடிக்கிற மணி. தன் பெல்ட்டை இழுத்துப் பார்த்தாள், போட்டுத்தான் இருந்தது. முன்பலகையில் ஏழு சீட்டுகளின் படம் இருந்தது. அதில் நடு வரிசையில் இரண்டும் கடைசி வரிசையில் ஒன்றும் சிவப்பாக எரிந்தன.

ஓரம் கட்டி இறங்கி எல்லாச் சீட்டையும் கையால் தடவிப் பார்த்தாள். காலி. சீட்டுக்குச் சூடு போடவேயில்லை, ஆனாலும் அந்த மூன்று இடம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.

கம்பெனிக்குப் போன் போட்டால் வேறு வண்டி அனுப்ப மூன்று மணி நேரமாகும். சமூகப் பணியாளர் லொரெய்னுக்குப் போட்டால் என்ன சொல்வது? பின்சீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள் என்றா? சுவருக்குள் ஆட்கள் இருப்பதாகச் சொன்ன அதே வாயாலா? டார்லா போனைப் பைக்குள் போட்டுவிட்டு வண்டியை எடுத்தாள். மணி அடித்துக்கொண்டே வந்தது. அதன் நடுவில், அவள் முதுகுப் பக்கம், சீட்டின் பின்னால் யாரோ சின்னக் காலால் உதைத்தார்கள். சலிப்பில் உதைக்கிற உதை. தொம். கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் தொம்.

சியாட்டிலுக்குள் நுழைந்ததும் போக்குவரத்து அப்படியே உறைந்தது. மூன்றே முக்கால். நான்கு. கண்ணுக்கு எட்டின மட்டும் சிவப்பு விளக்குகள். இடது ஓரத்தில் வைரக்குறி போட்ட பாதை மட்டும் காலியாக ஓடியது. வண்டியில் இரண்டு தலையாவது இருந்தால்தான் அதில் போகலாம், தனியாகப் போனால் அபராதம். போடட்டும், அபராதம்தானே என்று டார்லா அதற்குள் திருப்பினாள். பத்து நிமிடம் பறந்தாள். பிறகு கண்ணாடியில் நீல விளக்கு சுழன்றது.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இனி எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள். போலீஸ்காரர் குனிந்தார். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது. கைவிளக்கைப் பின்பக்கம் காட்டி, வரிசை வரிசையாகப் பார்த்தார்.

"சாரி மேடம். கண்ணாடி மூடாக்கா இருந்துச்சா, நீங்க ஒருத்தர்தான்னு நெனச்சிட்டேன். இந்தப் பாதையில தாராளமா போலாம்" என்றார். குரல் மாறியது. "ஆனா ஒரு புள்ளையும் பெல்ட் போடலியே. இது ரொம்பத் தப்பு."

எந்தப் பிள்ளை என்று கேட்டால், அவர் டார்லாவை இறங்கச் சொல்வார். கண்ணுக்குள் விளக்கடிப்பார். போதையா என்று பார்க்கக் கோட்டின் மேல் நடக்கச் சொல்வார். பழைய கேஸெல்லாம் திரையில் வந்து நிற்கும். மணி நான்கு பதினைந்து. அவள் கழுத்தைத் திருப்பி, வெறும் சீட்டுகளைப் பார்த்து, ஒரு தாய் சொல்கிற மாதிரியே சொன்னாள்.

"பெல்ட்டப் போடுங்க கண்ணுங்களா."

சீட்டின் ஓரத்திலிருந்து பெல்ட் நீண்டது. யாரும் இழுக்காமல். க்ளிக். பக்கத்தில் இன்னொன்று. க்ளிக். கடைசி வரிசையில் கொஞ்சம் தடுமாறி, இரண்டு தடவை தவறி, க்ளிக். மணி நின்றது.

"அம்மா பேச்சக் கேக்குதுங்களே, நல்ல புள்ளைங்க" என்றார் அவர். கிளம்பப் போனவர் திரும்பினார். "கடைசியில இருக்கிற சின்னதுக்குக் கால்ல ஒண்ணுமே இல்ல மேடம். வெரலெல்லாம் நீலமா இருக்கு. ஹீட்டர நல்லா வைங்க."

அதற்கப்புறம் வண்டிக்குள் சத்தமே இல்லை. அதுதான் தாங்கவில்லை. உதை இல்லை. மணி இல்லை. மூச்சு மட்டும். அவளுடையது போக இன்னும் மூன்று. பின்னால் பார்க்கும் கண்ணாடியை அவள் மேலே திருப்பிவிட்டாள். வாயைத் திறந்து, யார் நீங்கள், என்னை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினாள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தேன், எனக்கு அவளை விட்டால் யாருமில்லை என்றாள். மூன்று மூச்சும் ஒரு நொடி நின்றது. கேட்டுக்கொண்ட மாதிரி.

சொல்லியிருக்கவே கூடாது என்று அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

நான்கு ஐம்பத்திரண்டு. இருட்டிவிட்டது. அலுவலக வாசலில் லொரெய்ன் குடையோடும் காகிதம் செருகிய எழுதுபலகை அட்டையோடும் நின்றாள். பக்கத்தில் ஜூனி. முன்பல் ஒன்று விழுந்திருந்தது. "அம்மா" என்று ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அந்த ஒரு நிமிடம் டார்லாவுக்கு வேறு எதுவும் நினைவில் இல்லை.

பின்னால் வண்டியின் கதவு தானாகத் திறந்துகொண்டது.

லொரெய்ன் உள்ளே தலையை விட்டுப் பார்த்தாள். ஜூனிக்குரிய குட்டி இருக்கையை நடு வரிசையில் வைத்து அழுத்தினாள். சுத்தமான வண்டி, நல்ல பெரிய வண்டி என்று அட்டையில் குறித்துக்கொண்டாள். அவள் கண்ணுக்கு ஒன்றும் படவில்லை. ஜூனி மட்டும் படியில் ஒரு காலை வைத்தவள் அப்படியே நின்றாள்.

"அம்மா, எனக்கு எடம் எங்க?"

"ஏழு சீட்டு இருக்கு, எடமா இல்ல உனக்கு?" என்று லொரெய்ன் சிரித்தாள். சிரிப்பு முடியும்போது கண் டார்லாவின் முகத்தில் நின்றது.

முன்னால் என் பக்கத்தில் உட்காரட்டுமே என்றாள் டார்லா. பதின்மூன்று வயது வரைக்கும் பின்னால்தான், இது கூடத் தெரியாதா என்றாள் லொரெய்ன். பேருந்தில் போகிறோமே என்றாள் டார்லா. இப்போதுதான் இந்த வண்டி எண்ணை அனுமதியில் எழுதினேன், இனி மாற்ற முடியாது, ஐந்துக்குக் கதவைப் பூட்டிவிடுவோம் என்றாள் லொரெய்ன். பேனா அட்டையின் மேல் தயாராக நின்றது.

"டார்லா, உனக்கு ஒண்ணும் இல்லல்ல? உள்ள ஏதாச்சும் தெரியுதா உனக்கு?"

நான்கு ஐம்பத்தெட்டு.

"ஒண்ணுமில்ல" என்றாள் டார்லா.

அவள் ஜூனியைத் தூக்கினாள். பிள்ளை முறுக்கிக்கொண்டாள், கழுத்தை விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. குனிந்து, லொரெய்னுக்குக் கேட்காத குரலில், காலி இடத்தைப் பார்த்து, கொஞ்சம் தள்ளி உட்காருங்கள் என்றாள். சீட்டுத் துணியில் பதிந்திருந்த பள்ளம் நகர்ந்தது. ஜூனியைக் குட்டி இருக்கையில் வைத்தாள். பெல்ட்டைத் தானே போட்டாள். அம்மா இருக்கிறேன், அம்மா இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே போட்டாள்.

கதவு மூடியது.

வண்டியை எடுத்து, கண்ணாடியைக் கீழே திருப்பினாள். ஜூனி நேராக உட்கார்ந்திருந்தாள். தலை பின்னால் சாய்ந்திருந்தது. கண் இரண்டும் விரிந்து, கண்ணாடியில் அம்மாவையே பார்த்தன. அவள் கத்தவில்லை. கத்த முடியவில்லை. உதடு வெளுத்து நசுங்கியிருந்தது. இடது கன்னத்தில் நான்கு சின்னக் குழிகள், வலது கன்னத்தில் ஒன்று, யாரோ வாயைப் பொத்தியது போல அழுந்தியிருந்தன. டார்லா பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை இன்னும் ஆழமாயின.

வாசல் விளக்கடியில் லொரெய்ன் கையாட்டினாள். டார்லா சிரித்தபடி அவளுக்குக் கையாட்டினாள்.