ப்ளேன்னா பயம்

கல்லூரி அலுவலகத்துக்குள் போகவிருந்த யரேலியின் மேல், வெளியே ஓடிவந்தவன் மோதினான். அவள் கையிலிருந்த படிவம் மழைத் தண்ணீரில் விழுந்தது.

"கண்ணை எங்க வெச்சுட்டு வர்றே?"

"இப்பதான் உன் மேல வெச்சேன்..." சிரித்துக்கொண்டே குனிந்து எடுத்தான். மழைத்துளி தொங்கிய இமைகள்... பாவி, இவனுக்கு எதற்கு இவ்வளவு நீள இமை!

"ஃபர்ஸ்ட் ராங்க் யரேலியா? நான் அமாடோ, செகண்ட். காலேஜ்லேருந்து மாட்ரிட்ல ஒரு செமஸ்டர் படிக்கப் போறது... நாம ரெண்டு பேரும்தான்!"

"நான் வரல. அதைச் சொல்லத்தான் வந்தேன். எனக்கு ப்ளேன்னா பயம்."

"ப்ளேனுக்கா பயம்? மணிலாவுலேருந்து வர்றப்ப எனக்கு ஏழு வயசு. ரெண்டு தட்டு சாப்பாட்டை உள்ள தள்ளினேன். ஒண்ணு எங்கம்மாவோடது!"

சொன்னவன் படிவத்தைப் பார்த்தான். சிரிப்பு நின்றது. சட்டையில் துடைத்து நீட்டினான். தன் பேச்சுதான் சுட்டுவிட்டது என்று யரேலி நினைத்துக்கொண்டாள்.

பயமாம், பயம்! மெக்சிகோவிலிருந்து மூன்று வயதில் அம்மா இடுப்பில் பாலைவனம் தாண்டி வந்தவள் அவள். அமெரிக்காவின் ஃப்ரெஸ்னோவில் படித்து, வளர்ந்து, முதல் ராங்கும் வாங்கியாயிற்று. ஆனால் இந்த நாட்டில் இருக்க அனுமதிக் காகிதம் இல்லை. ஒரு முறை எல்லை தாண்டினால் திரும்பி வர விடமாட்டார்கள். படிப்பு, வீடு, அம்மா எல்லாம் அதோடு சரி.

அவள் இடம் மூன்றாவதாக வந்த பிரிட்ஜெட்டுக்குப் போயிற்று. அன்றைக்கு ஆரம்பித்தது வயிற்றெரிச்சல்... நூலகத்தில் அவர்கள் இருவரும் ஒரே வரைபடத்தின் மேல் குனிந்திருப்பார்கள். பிரிட்ஜெட் அவன் தோளில் தட்டினால் இவளுக்குச் சுருக்கென்னும். அவள் கெட்டவளாகவாவது இருக்கக்கூடாதா? பார்க்கும்போதெல்லாம் கேக் வாங்கித் தருகிறாள், சண்டாளி!

கேன்டீனில் அமாடோ தட்டோடு பக்கத்தில் வந்தால், "போ, போ. உன் மாட்ரிட் அங்க காத்திருக்கு" என்று துரத்துவாள். அவன் போன பிறகு அழுகை வரும்.

பயணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, பிரிட்ஜெட் அவள் எதிரே தொப்பென்று உட்கார்ந்தாள்.

"உங்க ரெண்டு பேருக்கும் என்னதான் வியாதி? அமாடோவும் வரலையாம். ப்ளேன்னா பயமாம்!"

யரேலியின் கரண்டி பாதியில் நின்றது. ரெண்டு தட்டு சாப்பிட்டவனுக்கா... பயம்?

மழையில் ஓடினாள். கல்லூரி வாசலில் நின்ற பஸ்ஸில் அவன் ஜன்னலோரம் தனியாக இருந்தான். பையைப் பக்கத்து சீட்டில் வைத்திருந்தான். அவள் ஏறி அவன் முன் நின்றாள்.

"பொய் சொல்லாதே. உனக்கா பயம்?"

"போக பயமில்ல யரேலி... திரும்பி வர முடியாது." குரல் இறங்கிற்று. "வந்தப்ப விசா இருந்துச்சு. எட்டு வயசுல அது முடிஞ்சுபோச்சு. வக்கீல் ஏதோ வழி இருக்குன்னார். நேத்து கையை விரிச்சுட்டார்."

அவள் கிட்டே குனிந்தாள். "எனக்கும்..."

"தெரியும். உன் படிவத்துல அனுமதி எண் கட்டம் காலியா இருந்துச்சு. என்னோடதுலயும் அதே கட்டம்தான் காலி."

"முதல் நாளே தெரியுமா? ஏன்டா கேக்கல?"

"நீயா சொல்லாததை நான் எப்படிக் கேக்கறது? சொல்லுவேன்னு பக்கத்துல வந்தா, துரத்தித் துரத்தி அடிச்சே!"

"பொறாமைடா!" வெட்கத்தை விட்டுச் சொல்லிவிட்டாள். "பிரிட்ஜெட்டோட பாஸ்போர்ட் மேல கூட இல்ல... ப்ளேன்ல உன் பக்கத்து சீட்டு மேல!"

அமாடோ அவளையே பார்த்தான். அந்த இமைகள் இப்போது மழையில்லாமலே நனைந்திருந்தன.

"உன்னைப் பிடிச்சிருக்கு யரேலி. மோதின அன்னிலேருந்து."

பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். சீட் காலியாயிற்று.

"நகரு" என்றாள் அவள். "ஜன்னலோரம் எனக்கு."