அறுத்தெடுத்த காளான்

"மனிதகுலத்தின் மகத்தான கண்டுபிடிப்புகள் யாவும் வெறும் வயிற்றிலேயே நிகழ்ந்தன" என்று மலையடிவாரத்தில் நின்று முழங்கினார் கானகச் செம்மல் கோதண்டபாணி. முழங்கும்போது அவர் கையில் இருந்தது ஏழாவது இட்லி.

சங்கவி அவரை நம்பினாள். 'பசித்தவனுக்குக் காடே பந்தி' என்று நானூறு பக்கம் எழுதியவரை நம்பாமல் வேறு யாரை நம்புவது? கானகச் செம்மல் பட்டத்தை அவருக்கு அவரே கொடுத்துக்கொண்டார் என்பது அவளுக்குத் தெரியாது. ஆந்தைக்குகையில் ஒரு பாளையக்காரர் செப்புப் பேழையை ஒளித்துவைத்த கதையும், அதற்கான வரைபடமும் அவளிடம் இருந்தன. கூடவே தம்பி கபிலன், கல்லூரியில் முதலாமாண்டு. வழிகாட்ட மலைக்காரி பொன்னுருவி.

முதல் நாளே கபிலன் ஒரு புதரில் சிவப்புப் பழத்தைப் பறித்தான். பொன்னுருவி அவன் கையில் பட்டென்று ஒன்று வைத்தாள்.

"குருவி தின்னுதே அக்கா?"

"நீ குருவியா?"

இரண்டாம் நாள் ஓடையைக் கடக்கும்போது அரிசிப் பை தண்ணீரோடு போய்விட்டது. மூன்றாம் நாள் காலையில் பொன்னுருவி சுனைக்குத் தண்ணீர் எடுக்கப் போனாள். அவள் தலை மறைந்ததும் கோதண்டபாணி கத்தியை எடுத்தார். மரத்தடியில் வெள்ளை வெளேரென்று காளான்கள். தரையோடு தரையாக, நறுக்கென்று அறுத்தார்.

"வேரோடு பிடுங்குவது காட்டுமிராண்டித்தனம். ஐந்தாம் அத்தியாயம்."

மஞ்சள் போட்டு வேகவைத்தார். மஞ்சள் கறுக்கவில்லை. ஆகவே விஷமில்லை என்று தீர்ப்பு. தமது பங்கை இலையில் வாங்கிக்கொண்டு பாறைக்குப் பின்னால் போனார். தலைவன் தனித்து உண்பதே மரபாம். வரைபடத்தில் மூழ்கியிருந்த சங்கவி நிமிர்ந்து பார்ப்பதற்குள் கபிலன் சட்டியை வழித்து நக்கியிருந்தான்.

தண்ணீரோடு வந்த பொன்னுருவி சட்டியைப் பார்த்தாள். குடத்தை இறக்கிவைத்துவிட்டு மரத்தடிக்கு ஓடினாள். விரலால் மண்ணைத் தோண்டினாள். அறுபட்ட தண்டின் அடியில், உடைந்த முட்டை ஓடுபோல ஒரு வெள்ளைப் பை.

"அடியைப் பாக்காம காளானைத் தின்பாங்களா? பை வச்சதை எங்க சனம் தொடாது. தம்பி, கிளம்பு. இப்பவே இறங்கணும்."

"எனக்கு ஒண்ணும் பண்ணலையே அக்கா" என்றான் கபிலன்.

"இப்ப பண்ணாது. அதுதான் அதோட வேலை."

கோதண்டபாணி சிரித்தார். "நானும்தான் தின்றேன். எனக்கு என்ன ஆகிவிட்டது? குகை அரை நாள் தூரத்தில். பெண்ணே, முடிவு உன்னுடையது."

சங்கவி இருவரையும் பார்த்தாள். தின்ற மனிதர் தெம்பாக நிற்கிறார். தம்பியும் நிற்கிறான். "போயிட்டு வந்துடலாம்" என்றாள். பொன்னுருவி அந்த அடிப்பையை இலையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மூன்று மணிக்குக் குகை வாய் தெரிந்தது. நடுவே ஒரு பள்ளம், அவ்வளவுதான். சங்கவி கயிற்றை அவிழ்த்தபோது பின்னால் கபிலன் மடங்கி விழுந்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி, மறுபடி வாந்தி. அவன் முகத்தில் இரத்தமே இல்லை.

"பத்தே நிமிடம். பேழையை எடுத்துக்கொண்டு..." என்றார் கோதண்டபாணி.

அவள் கயிற்றை அவர் காலடியில் எறிந்தாள். "இதை ரெண்டு கம்புல கட்டுங்க ஐயா. தூளி வேணும்."

முட்கள் கிழிக்க, பாறைகள் வழுக்க, மூவரும் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். சாலையில் ஒரு பால் வண்டியை மறித்து ஏறினார்கள். அரசு மருத்துவமனை டாக்டரம்மா பொன்னுருவி கொடுத்த இலையைப் பிரித்துப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"எத்தனை பேர் சாப்பிட்டீங்க?"

"ரெண்டு பேர். இவனும் ஐயாவும்" என்றாள் சங்கவி.

"ரெண்டு படுக்கை போடுங்க. ரெண்டு பேருக்கும் விஷத்தை உறிஞ்சக் கரி கரைச்சுக் குடுங்க, ஊசி ஏத்துங்க."

நர்ஸ் நீளமான ஊசியோடு வந்தார். கானகச் செம்மல் சுவரோரம் நகர்ந்தார்.

"எனக்கு வேண்டாம். நான்... சாப்பிடவில்லை. பாறைக்குப் பின்னால் கொட்டிவிட்டேன்."

அந்த ஒரு பொய்யை நம்பித்தான் சங்கவி தன் தம்பியை எட்டு மணி நேரம் மலைமேல் நடக்கவைத்திருக்கிறாள்.

"வாந்தி நின்னதும் சரியாயிடுச்சுன்னு கூட்டிட்டுப் போயிடாதீங்க. அதுக்கப்புறம்தான் கல்லீரலைப் பிடிக்கும்" என்றார் டாக்டரம்மா.

நின்றது. பிடித்தது. ஐந்து நாள் அவன் கண் மஞ்சளாகவே கிடந்தது. ஏழாம் நாள் எழுந்து உட்கார்ந்து, "அக்கா, கஞ்சி" என்றான். ஊரில் மேளம் வைத்து வரவேற்றார்கள். பேழை இல்லாமல் திரும்பியவர்களுக்கு அந்த ஊரில் மேளம் அடித்தது அதுவே முதல் தடவை.

"பசிச்சவன் ரெண்டு நாள்ல சாக மாட்டான் தம்பி. தெரியாததைத் தின்னவன் செத்துருவான்" என்று சொல்லிவிட்டுப் பொன்னுருவி பஸ் ஏறினாள்.

ஏன் கொட்டினீர்கள் என்று கபிலன் பிறகு கோதண்டபாணியைக் கேட்டான். விஷம் என்று சந்தேகமா என்றும் கேட்டான். அப்படியெல்லாம் இல்லையாம். அவர் பிறந்ததிலிருந்து காளானே சாப்பிட்டதில்லை. அந்த வாடை அவருக்கு ஆகாது.