பிரெஞ்சுக்காரனின் நெற்றி

“ஐயோ... என்ரை அப்பு!”

பத்மாசினியின் அலறலில் பருத்தித்துறைக் கடற்கரைத் தெருவே கூடிவிட்டது.

1964. காலை நேரம்.

சாய்மனைக் கதிரையில் அவள் தகப்பன், பழைய கப்பல்காரர் தம்பிஐயா. கழுத்தில் கயிறு இறுகிய தடம். உயிர் இல்லை!

எதிரே சுவரில், அவர் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் வாங்கிவந்த, கல்லில் கீறி மையால் அச்சிட்ட கல்லச்சுப் படம். நூறு வருடத்துக்கும் மேல் பழசு. சுருட்டை முடி, சோகக் கண்களோடு ஒரு பிரெஞ்சு இளைஞன். கொழும்பில் அதற்கு வீடே எழுதித் தர ஆள் இருந்தது.

இன்ஸ்பெக்டர் நடராசா தாடையைச் சொறிந்தார்.

“கள்ளன் வந்திருந்தா உந்தப் படத்தையெல்லோ கொண்டு போயிருப்பான்?”

“ஓம் ஐயா” என்றார் ஆழ்வாப்பிள்ளை. செத்தவர்களின் படத்தைக் கரிப்பென்சிலால் பெரிதாகக் கீறிக் கொடுப்பவர். தம்பிஐயாவின் கூட்டாளி. “அசல் அப்பிடியே கிடக்கு. கன்னத்து நிழலைப் பாருங்கோ, மணல் தூவினமாதிரி. கல்லிலை கீறினாத்தான் உப்பிடி வரும். களவில்லை ஐயா... வீட்டுக் கோவம்.”

நடராசா மருமகன் சீவரத்தினத்தைப் பார்த்தார். நேற்று மாமனோடு ஊர் கேட்கச் சண்டை பிடித்தவன்!

“நட ஸ்டேஷனுக்கு!”

“நான் தொடேல்லை ஐயா! சத்தியமா!”

விலங்கு பூட்டுப்பட்டது.

பத்மாசினி புருசனின் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பனும் போய், புருசனும் தூக்குக் கயிற்றுக்கா? அழுதபடி அப்பு ஆசையாய்ப் பார்க்கும் அந்தப் படத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

திரும்பவும் பார்த்தாள்...

சுருட்டை முடிக்குக் கீழே, நெற்றி நிழலுக்குள், கறுப்புப் படாமல் விட்ட மூன்று மெல்லிய வெள்ளைக் கோடுகள்!

“ஐயா! அவரை விடுங்கோ! உந்தப் படத்தை இறக்குங்கோ!”

“ஏன் பிள்ளை?”

“பிரெஞ்சுக்காரன் எப்ப தொட்டு விபூதி பூசுறவன்?”

நடராசா படத்தை இறக்கி அதன் கண்ணாடியைக் கழற்றினார். எச்சில் தொட்டு நெற்றியைத் தேய்த்தார்.

விரலெல்லாம் கரி! அச்சு மை இப்படி ஒட்டாது.

“கள்ளப் படம்!” நடராசா கூட்டத்தைப் பார்த்தார். “ ஊரிலை செத்த ஆக்களுக்கெல்லாம் இதே மூண்டு குறி போட்டுக் கீறுறது ஆர்?”

எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது.

ஆழ்வாப்பிள்ளை தன் கரி படிந்த விரல்களைப் பார்த்தார்.

“கைப்பழக்கம் ஐயா... நெத்தியைக் கண்டா கை நிக்காது... படத்தை மாத்தேக்கை மனுசன் முழிச்சிட்டுது...”

“பாவி! அப்புவின்ரை கையாலை எத்தினை தேத்தண்ணி குடிச்சனீ!” பத்மாசினி மண்ணை வாரித் தூற்றினாள்.

விலங்கு கை மாறியது.

நடராசா அவரைப் படலைக்கு வெளியே தள்ளினார்.

“ஊருக்கெல்லாம் செத்தவீட்டுப் படம் கீறினனீர்... உம்மடை படத்துக்கு ஆள் பாத்து வைச்சிருக்கிறீரோ?”