பயண வாக்கு

நப்பின்னை வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து திரையைப் பார்த்தாள். மின்கலத்தில் நான்கு விழுக்காடு என்றிருந்தது. முந்தைய மாலை சுவர்முனையில் செருகியபோது தொண்ணூற்றொன்று.

காற்று ஓய்ந்து ஐந்து நாளாயிற்று. காற்றாலைகள் நின்றுவிட்டால் கோசோ தீவு தன் வண்டிகளிடமே மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும். வாசல்களில் செருகி நிற்கும் பன்னிரண்டாயிரம் வண்டிகளும் சேர்ந்து ஒரே மின்குளம். நாளைக்குப் பயணம் உண்டு என்று மாலையிலேயே, மின்சாரத்தைப் பங்கிடும் பங்கீட்டி என்ற பொறிக்குச் சொல்லிவிட்டால், அந்த வண்டியை அது தொடாது. அதற்குப் பயண வாக்கு என்று பெயர். நப்பின்னை சொல்லித்தான் இருந்தாள்: காலை ஒன்பதரை, இம்ஜார் துறைமுகம், சிசிலிக் கப்பல்.

சிசிலியில் கடலலை மின் ஆய்வகத்தில் பிற்பகல் நேர்காணல். நேரில் வந்தே ஆகவேண்டும், மறுவாய்ப்பு கிடையாது என்று கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள்.

வாடகை வண்டி ஒன்றும் ஓடவில்லை. நிரம்பி வழிந்த பேருந்து நிற்காமலே போயிற்று. துறைமுகம் வரையிலான பன்னிரண்டு கிலோமீட்டரில் பாதியை ஓட்டமும் நடையுமாகக் கடந்து மேட்டில் ஏறியபோது, கப்பல் துறையைவிட்டு விலகிக்கொண்டிருந்தது. சாலையோரக் கல்சுவரில் உட்கார்ந்து அழுதாள்.

வீட்டில் அவள் கணவன் இளம்பரிதி தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். ஏன் திரும்பி வந்தாய் என்றுகூடக் கேட்கவில்லை. அதில்தான் அவளுக்குச் சந்தேகம் தட்டியது.

"என்ன பண்ணின, பரிதி?"

கத்தி நின்றது. "நீ இன்னைக்கு எங்கயும் போகலைன்னு பங்கீட்டிகிட்ட சொன்னேன்."

வீட்டிலுள்ள ஒருவருக்காக இன்னொருவர் வாக்குக் கொடுக்கலாம். இரண்டும் முரண்பட்டால், இதுவரை யார் சொன்னது அதிகம் நடந்ததோ அவரைத்தான் பொறி நம்பும்.

"நான் போறேன்னு சொல்லியிருந்தேனே!"

"கூட்டம், கூட்டம்னு சொல்லிட்டு நீ எத்தனை தடவை போகாம இருந்திருக்க? நான் ஒரு தடவைகூடத் தப்பாச் சொன்னதில்ல." அவன் குரல் இறங்கியது. "அங்க போனா நீ திரும்பி வரமாட்ட, பின்னை."

"அதை என் முகத்தப் பாத்துச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நின்னிருப்பியா?"

நேற்று மாலை அவளுடைய சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தவனும் இவன்தான். "கலக்கிட்டு வா" என்று வேறு சொன்னான். அந்தச் சட்டை இப்போது வியர்வையில் முதுகோடு ஒட்டிக்கிடந்தது. அதே சட்டையோடு, தான் ஒன்பது ஆண்டாக வேலை பார்க்கும் மின்குள அலுவலகத்துக்குக் கிளம்பினாள்.

உடன் வேலை பார்க்கும் மார்ட்டீஸ் பதிவைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தாள்.

"பரிதி பொய் சொல்லியிருக்கான். அவன் வாக்கை ரத்து பண்ணு, மார்ட்டீஸ்."

"எப்படிப் பண்றது? நீங்க போகமாட்டீங்கன்னு அவர் சொன்னார். நீங்க போகலை. போவேன்னு சொன்னது நீங்கதான்."

"வண்டியில மின்சாரம் இல்லாததாலதானே போகலை!"

"காரணத்தை அது கேக்காதே. சொன்னது நடந்ததா இல்லையான்னு மட்டும்தான் பாக்கும்." மார்ட்டீஸ் தயங்கினாள். "விதியை அப்படித்தானே நீங்க எழுதினீங்க?"

காரணம் எழுதக் கட்டம் வைத்தால் ஆளுக்கொரு சாக்குச் சொல்வார்கள் என்று வாதாடி, அதை நீக்கவைத்தவள் நப்பின்னைதான். அன்று எல்லோரும் கைதட்டினார்கள்.

திரை ஒருமுறை மினுங்கியது. பங்கீட்டி அன்றைய கணக்கைத் திருத்திக்கொண்டது. மார்ட்டீஸ் திரையை அவள் பக்கம் திருப்பினாள்.

'திருமதி நப்பின்னையின் வாக்குப் பலமுறை பொய்த்துள்ளது. இனி அவர் எங்கே செல்வார் என்பதைத் திரு. இளம்பரிதி தெரிவித்தால் போதும்.'