ஆற்றின் நடுவில் அடித்த அலாரம்

“பீப்! பீப்! பீப்!”

ஆற்றின் நடுவில் மோட்டார் மறுபடியும் கத்த ஆரம்பித்தது. அம்மா உடனே வேகத்தைக் குறைத்தார். படகின் முன்பக்கத்தில் இருந்த எட்டுப் பிள்ளைகளில் ஏழு பேர் எழுந்து, என்ன ஆச்சு என்று பார்க்கப் பின்பக்கம் ஓடினார்கள்.

“இன்னையோட நாலு நாள்,” என்றாள் பட்டாணி.

பட்டாணிக்கு வயது பத்து. அவளுடைய உண்மையான பெயர் பள்ளிக்கூடப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. படகு ஓட்டுவது அவளுடைய அம்மா. தினமும் காலையில் பிள்ளைகளை அக்கரைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, மாலையில் திரும்ப அழைத்து வருவார்.

அம்மா மோட்டாரை எட்டிப் பார்த்தார். ஓடும் மோட்டார் ஆற்றுத் தண்ணீரை அடியில் இருக்கும் சல்லடை வழியாக உறிஞ்சும். அந்தத் தண்ணீர் அதன் உடம்பைக் குளிர வைத்துவிட்டு, பின்னால் ஒரு சின்னத் துளை வழியாக வெளியே பீய்ச்சியடிக்கும். தண்ணீர் வராவிட்டால் மோட்டார் சூடாகும், அலாரம் அடிக்கும்.

“தண்ணி நல்லாத்தானே வருது! அப்புறம் எதுக்குக் கத்துது?” என்றார் அம்மா.

சூடு தணியப் பத்து நிமிடம் ஆனது. படகு அக்கரையைத் தொட்டபோது பள்ளிக்கூட மணி அடித்து முடிந்திருந்தது. பெரிய டீச்சர் படகுத்துறைக்கே வந்து நின்றிருந்தார்.

“உங்க மேல எனக்குக் கோபம் இல்லம்மா. ஆனா பிள்ளைங்களுக்கு நாலு நாளா முதல் பாடம் போச்சு. நாளைக்கும் லேட்டானா, திங்கள்கிழமையிலேர்ந்து பெரிய படகுக்குச் சொல்லிடுவேன்.”

“சரிங்க டீச்சர்,” என்றார் அம்மா. பள்ளிக்கூட வேலை போய்விட்டால் படகைக் கரையில் கவிழ்த்துப் போட வேண்டியதுதான் என்று பட்டாணிக்குத் தெரியும். அன்று கணக்குப் பாடம் அவள் காதில் ஏறவே இல்லை.

மாலையில் திரும்பும்போதும் அலாரம் அடித்தது. கரையில் மெக்கானிக் மாமா காத்திருந்தார். அவர் அம்மாவின் தம்பி.

“என்னக்கா, இன்னைக்கும் பாடிச்சா?”

“பாடிச்சுடா. நீ ரிப்பேர் பண்ண லட்சணம் அப்படி!”

மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை அவர் தண்ணீர் பம்பின் ரப்பர் சக்கரத்தை மாற்றியிருந்தார். புதன்கிழமை சல்லடையைச் சுரண்டிச் சுத்தம் செய்திருந்தார். இப்போது படகைத் துறையில் கட்டியபடியே மோட்டாரை ஓட விட்டார். தண்ணீர் ஜோராகப் பீய்ச்சியடித்தது. கால் மணி நேரம் ஆகியும் அலாரம் வாயே திறக்கவில்லை.

“பாத்தியா? மோட்டார் தங்கம். அலாரத்துக்குத்தான் கிறுக்குப் பிடிச்சிருக்கு. வயரைக் கத்தரிச்சு விட்டுடவா?”

“கைய வெச்ச, தெரியும் சேதி! குழந்தை அழுதா எங்க வலிக்குதுன்னு பாப்பியா, வாயப் பொத்துவியா?”

பிள்ளைகள் எல்லோரும் வீட்டுக்குப் போகாமல் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“அம்மா, எங்களை விட்டுட்டு நீங்க காலியா திரும்பி வர்றப்போ அடிக்குமா?” என்று கேட்டாள் பட்டாணி.

அம்மா யோசித்தார். “இல்லையே. ஒரு தடவைகூட அடிக்கலை.”

“அப்போ பிள்ளைங்க கனம்தான்,” என்றார் மாமா.

“ரெண்டு வருஷமா பிள்ளைங்களைத்தானேடா ஏத்திட்டுப் போறேன்! திங்கள்கிழமைலேர்ந்துதான் இந்தக் கூத்து.”

திங்கள்கிழமை! பட்டாணிக்குச் சட்டென்று நினைவு வந்தது. அன்றுதான் ஒரு புதுச் சிறுமி படகில் ஏறினாள்; பிள்ளைகள் அவளைப் ‘புதுப்பெண்’ என்றே கூப்பிட்டார்கள். மூன்றாம் வகுப்பு. மோட்டார் சத்தம் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டு அழுதாள். பட்டாணி அவளை மோட்டாருக்குத் தூரமாக, முன்பக்கம் உட்கார வைத்தாள். அங்கே தனியாக உட்கார்ந்ததால் அழுகை நிற்கவில்லை. “வாங்கடா, எல்லாரும் முன்னாடியே போயிடலாம்!” என்று கூப்பிட்டது பட்டாணிதான். அன்றிலிருந்து எட்டுப் பேரும் எட்டுப் பைகளும் முன்பக்கம்தான்.

இப்போதும் புதுப்பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். சொன்னால் இவளைப் பின்னால் போகச் சொல்வார்களோ?

“மாமா, ஒருவேளை என்னாலதானோ என்னமோ,” என்று ஆரம்பித்துப் பட்டாணி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

மாமா மோட்டாரைப் பார்த்தார். படகின் முன்பக்கத்தைப் பார்த்தார். “எல்லாரும் ஏறுங்க!”

எட்டுப் பேரும் முன்னால் உட்கார, அம்மா படகை வேகமாக ஓட்டினார். மாமா மோட்டார் பக்கம் குனிந்து, “தண்ணி குறையுது... துப்புது... நின்னுடுச்சு!” என்று கத்தினார். அடுத்த நிமிடம், “பீப்! பீப்!”

ஏழு பேரும் வழக்கம்போல எழுந்து பின்பக்கம் ஓடினார்கள். தண்ணீர் மறுபடி பீய்ச்சியடித்தது.

“அடேய்! இதான் விஷயம்!” மாமா நெற்றியில் அடித்துக்கொண்டார். “முன்னாடி கனம் ஏறினா பின்னாடி தூக்கிக்குது. சல்லடை மேல வந்து தண்ணிக்குப் பதிலா காத்தை இழுக்குது. அலாரம் அடிச்சதும் நீங்க பின்னாடி ஓடியாரீங்க, படகு சமமாயிடுது. நாங்க பாக்கும்போது தண்ணி ஒழுங்கா வராம என்ன செய்யும்?”

அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “என் மேலயும் தப்பு இருக்குக்கா. துறையில தண்ணி வத்திப்போச்சுன்னு போன மாசம் மோட்டாரைப் படகுல ஒரு போல்ட்டுத் துளை மேல ஏத்தி மாட்டினேன். இப்போ இறக்கினா அடியில சுத்துற விசிறி சேத்துல மாட்டிக்கும்.”

“அப்போ மழை வர்ற வரைக்கும் முன்னாடி ரெண்டு பேருக்கு மேல கூடாது,” என்றார் அம்மா.

புதுப்பெண்ணின் முகம் சுருங்கியது. “நான் பின்னாடி போகணுமா?”

“வேண்டாம்,” என்றாள் பட்டாணி. “முன்னாடி நீ. துணைக்கு ஒருத்தர். வாரம் ஒரு ஆள். சீட்டுப் போட்டுப் பாப்போம்.”

“நான்! நான்!” என்று ஏழு கைகள் உயர்ந்தன. நோட்டுத்தாளைக் கிழித்துச் சீட்டுப் போட்டார்கள். எல்லோரும் ‘பாகவதர்’ என்று கேலியாகக் கூப்பிடும் ஐந்தாம் வகுப்புப் பையனுக்குச் சீட்டு விழுந்தது. அவனுக்குப் பாடத் தெரியாது. பாடாமல் இருக்கவும் தெரியாது.

மறுநாள் காலை, புதுப்பெண்ணின் பயத்தைப் போக்குவதற்காகப் பாகவதர் படகு கிளம்பியதுமே பாட ஆரம்பித்தான். மற்றவர்கள் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடு ஆறு வந்தது. அலாரம் அடிக்கவில்லை. நடு ஆறு போனது. அப்போதும் அடிக்கவில்லை.

அக்கரையில் பெரிய டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “மணி அடிக்க இன்னும் ஏழு நிமிஷம் இருக்கே! பெரிய படகெல்லாம் நமக்கு எதுக்கும்மா?”

அம்மா வாய்விட்டுச் சிரித்தார். நான்கு நாட்களில் அதுதான் முதல் சிரிப்பு.

படியேறும்போது புதுப்பெண் பட்டாணியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“அக்கா, திங்கள்கிழமை நான் மோட்டார் பக்கத்துலயே உட்காந்துக்கட்டுமா?”

“ஏன், பயம் போயிடுச்சா?”

“இல்லக்கா. ஆனா அங்க உட்காந்தா இந்த அண்ணன் பாடுறது கேக்காதுல்ல?”