வாய் வைத்த குழாய்

விலா எலும்புகளுக்கு நடுவே கம்பியைச் செருகி முறுக்குவதுபோல் வலித்தது. பாரம் தூக்குகிறவனுக்கு வரும் வலி. கொள்ளேகால் லாரிப் பட்டறையில் கியர்ப் பெட்டியை நெஞ்சில் தாங்கி இறக்கிய காலத்திலிருந்தே செல்லக்கண்ணுக்கு அது பழக்கம். ஆனால் இன்று அமாவாசை, வேலை இல்லை. மனைவி மாதேவியும் மகள் மனிஷாவும் விடியுமுன்னே மாதேஸ்வரன் மலைக்குக் கிளம்பிப் போன பிறகு அவன் பாயைவிட்டு எழவே இல்லை. சும்மா கிடப்பவனுக்கு எதற்கு மேல்மூச்சு வாங்குகிறது?

எழுந்து சுவரில் சாய்ந்தான். தகரக் கூரை வெயிலில் சடசடத்தது. பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது. சோப்புப் போட்டுக் குளித்திருந்தும், மூச்சை விடும்போதெல்லாம் மூக்கின் கீழே டீசல் நாறியது.

போன வாரத்து நாற்றம் அது. இன்னும் போகவில்லை.

மைசூரில் அவன் வேலை செய்யும் ஜீவசக்ரா கம்பெனிக்கு, ஓடி ஓய்ந்து, இனி உதவாது என்று கண்டம் பண்ணிய பஸ்களைச் சங்கிலி கட்டி இழுத்து வருவார்கள். வேறு இடமாயிருந்தால் கேஸ் கட்டரால் வெட்டி இரும்பு விலைக்குப் போட்டிருப்பார்கள். இங்கே இஞ்சினைத் திறப்பதுகூட இல்லை. கொள்ளேகால் மந்திரவாதி ஒருவன் ஈர வேட்டியோடு முன்சக்கரத்தின் அருகே உட்கார்ந்து, அதன் காதில் சொல்வதுபோல் எதையோ முணுமுணுத்துவிட்டுப் போவான். மறுநாள் வண்டி உயிரோடு இருக்கும். பிரேக், சீட்டு, குழாய் வேலைகள்தான் ஃபிட்டர்களுக்கு. அவர்களுக்கு ஒரே ஒரு கட்டளை: எந்தக் குழாயிலும் வாய் வைக்கக் கூடாது.

டீசல் குழாயில் காற்று அடைத்தால் கழற்றி வாயால் ஊதுவது பட்டறைக்காரனுக்குப் பல் விளக்குவதுபோல. யோசித்துச் செய்கிற காரியமில்லை. போன வாரம் ஒரு பச்சை பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்த செல்லக்கண்ணு குழாயைக் கழற்றினான், ஊதினான். ஊதிய காற்று திரும்பி வரவில்லை. குழாய் இழுத்தது. மடியை முட்டிக் குடிக்கும் கன்றைப்போல இழுத்து இழுத்துக் குடித்தது. உதட்டைப் பிய்த்துக்கொண்டு அவன் உருண்டு வெளியே வந்தபோது, பேட்டரி மாட்டாத வண்டி உறுமிக்கொண்டிருந்தது.

சூப்பர்வைசர் விஜய்குமார் அவனது உதட்டு ரத்தத்தைத்தான் முதலில் பார்த்தார்.

"வாய் வெச்சுட்டீங்களா? பேடா, வேண்டாம்னு எத்தனை தடவை சொன்னேன். வண்டிக்கும் உங்களுக்கும் இனி ஒரே மூச்சு. பாரம் தூக்காதீங்க, ஓடாதீங்க."

"வண்டிய ஓரங்கட்டிருங்க சார். கையெடுத்துக் கும்புடறேன்."

"வண்டி எடுக்கற பார்ட்டி வந்து நிக்கறாங்களே, செல்லக்கண்ணு" என்றவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

வாரம் முழுக்க வண்டி ஊருக்குள் ஓடியிருக்க வேண்டும். அவனுக்கு லேசான இரைப்போடு போயிற்று. இன்றைக்குத்தான் இப்படி.

போன் அடித்தது. மாதேவி.

"ஏனுங், எந்திரிச்சாச்சா? ராமாபுரம் தாண்டி மலையேறுறமுங்க. ஸ்பெசல் பஸ்சு, கால் வெக்க எடமில்ல. கண்ணாடில உங்க கம்பெனி பேரு ஒட்டிருக்குது. எங்கூட்டுக்காரர் சரிபண்ணுன பச்சை வண்டிதான்னு சொன்னேன். அப்ப ஓசில வாங்கக்கான்னு கண்டக்டரு கேலி பண்றான்."

அவள் குரலுக்குப் பின்னால் இஞ்சின் முனகியது. அது இழுத்தபோது செல்லக்கண்ணின் நெஞ்சு விரிந்தது. விட்டபோது சுருங்கியது. அவன் வேண்டுமென்றே மூச்சை ஒரு கணம் மெதுவாக்கிப் பார்த்தான். போனில் இஞ்சினும் மெதுவாயிற்று.

"மாதேவி, புள்ளையக் கூட்டிட்டு எறங்கி..."

பேச்சுக்கும் மூச்சு வேண்டும். மூன்றாவது வார்த்தையிலேயே போனில் இஞ்சின் விக்கியது. நின்றது. எதுவோ சரிந்தது. பெண்கள் மலைச்சாமி மாதப்பனைக் கூப்பிட்டு அலறினார்கள். பாரம் பின்னால் உருளும் சத்தம் கேட்டது.

அவன் வாயை மூடிக்கொண்டு, விலா விண்டுபோகிறமாதிரி உள்ளே இழுத்தான்.

இஞ்சின் பிடித்துக்கொண்டது.

"என்னமோ அடைச்சுப் பின்னால போயிருச்சுங். பள்ளத்தப் பாத்து மனிஷா கத்தீட்டா. இப்பச் செரியாப் போச்சு. நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களே?"

அவன் இழுத்தான். விட்டான்.

"என்ன, கோவமா? சோறு சட்டில இருக்குது. போட்டுத் திங்கறதுக்கும் ஒரு ஆளு வேணுமா உங்களுக்கு?" சிரித்தாள். மலை மறைத்து லைன் அறுந்தது.

அப்புறம் ஒவ்வொரு வளைவையும் அவன் உடம்பில் ஏறினான். முதுகு வழியாகப் பாரம் இறங்கியது. எத்தனை பேர் என்று தெரியவில்லை. எல்லோரும் விலாவின் மேல் நின்றார்கள். அதில் ஒரு சின்னக் கால் உண்டு.

இழு. விடு.

மூக்கிலிருந்து கறுப்பாக ஒழுகியது. துடைக்கக் கை எழவில்லை.

இழு.

கதவு திறந்தது. பக்கத்து வீட்டுச் சுந்தராம்பாள். நல்ல மனுஷி.

"என்ன தம்பி, இப்படி இரைக்குது? குக்கர் சத்தத்தையும் மீறிக் கேக்குது. வாயத் தொறங்க. ஒரு மடக்குத் தண்ணி குடிச்சா அடங்கிரும்."

வேண்டாம் என்று சொல்லவும் மூச்சு வேண்டும். தலையை ஆட்டினான். அவள் அதை நடுக்கம் என்று நினைத்தாள். ஒரு கையால் பிடரியைத் தாங்கி, மறு கையால் சொம்பை உதட்டில் வைத்துச் சாய்த்தாள். குளிர்ந்த தண்ணீர் பல்லைத் தாண்டியது. நாக்கை நனைத்தது. தொண்டையில் வந்து நின்றது.

வண்டி பாதி மலை ஏறியிருந்தது. மீதி மலைக்கான மூச்சை அவன் இன்னும் கொடுக்க வேண்டியிருந்தது.